அணியத்தில் இருப்பவர்

அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு பேர் ஓட்டும் சிறிய பாய்மரப் படகுகளின் உலக சாம்பியன் போட்டிகளைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். டிங்கி என்று சொல்கிறோமே, அந்தப் படகு. யார் எத்தனை தடவை வென்றார் என்ற பட்டியலை நான் வாசிக்கப் போவதில்லை. ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். இந்தப் படகில் அமரத்துப் பக்கம், அதாவது பின்பக்கம், உட்கார்ந்து சுக்கான் பிடிப்பவர் ஒருவர். அவருக்கு முன்னால், அணியத்துப் பக்கம் இருப்பவர் இன்னொருவர். அவரை க்ரூ என்பார்கள். செய்தியில் சுக்கான்காரர் பெயர் முதலில் வரும். க்ரூவின் பெயர் அடுத்து வரும், சில நேரம் வராமலே போய்விடும். நான் பல வருடம் க்ரூவாக இருந்தவன். எனக்கு இந்த விளையாட்டு அந்த இடத்திலிருந்துதான் தெரியும்.

மால்கம் பேஜ் என்று ஒருவர், ஆஸ்திரேலியர். ஃபோர் செவன்ட்டி (470) என்ற படகு வகுப்பில் க்ரூ. நேதன் வில்மாட்டுடன் சேர்ந்து 2004, 2005, 2007 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றார். 2008 ஒலிம்பிக்கில் தங்கமும் வாங்கினார். அதன்பிறகு ஜோடி மாறியது. அவருக்குப் பின்னால் உட்கார்ந்தவர் மேத்யூ பெல்ச்சர். 2010, 2011, 2012 என்று தொடர்ந்து மூன்று உலகப் பட்டம், அப்புறம் லண்டனில் மறுபடியும் ஒலிம்பிக் தங்கம். சுக்கான் கை மாறியது, முன்னால் இருந்தவர் மாறவில்லை, வெற்றியும் மாறவில்லை. இதைச் சாதாரணமாகக் கடந்துபோக என்னால் முடிவதில்லை. பெல்ச்சரும் சளைத்தவர் இல்லை. பேஜ் விலகிய பிறகு வில் ரயன் என்ற புதிய க்ரூவுடன் 2013, 2014, 2015 என மூன்று ஆண்டும் பட்டத்தைத் தக்கவைத்தார். இந்த ஜோடிகளுக்கெல்லாம் பயிற்சியாளர் ஒரே ஆள், விக்டர் கோவலென்கோ.

சரி, ஃபோர் செவன்ட்டி என்றால் என்ன? 470 சென்டிமீட்டர் நீளமுள்ள படகு. பெயரே அதுதான். 1963இல் ஆந்த்ரே கோர்னு என்ற பிரெஞ்சுக்காரர் வடிவமைத்தார். படகின் எடை 120 கிலோ. அதில் ஏறும் இருவரின் எடையும் சேர்த்து 110 முதல் 145 கிலோவுக்குள் இருந்தால் படகு நன்றாக ஓடும். 1970இலிருந்து இதற்கு உலகப் போட்டி நடக்கிறது, 1976இல் ஒலிம்பிக்குக்குள் வந்தது. இரண்டு பேர் படகுகளின் உலகப் போட்டி அதற்கும் வெகு முன்பே தொடங்கிவிட்டது. ஸ்னைப் வகுப்புக்கு 1934 முதலே உண்டு. ஃபைவ்-ஓ-ஃபைவ் படகுக்கு 1956இல் பிரான்சின் லா போல் கடற்கரையில் முதல் போட்டி. ஆஸ்திரேலியர் ஜூலியன் பெத்வெயிட் வடிவமைத்த ஃபார்ட்டி-நைனர் வந்தது 1990களில். இது இன்னும் வேகமானது, இன்னும் பொல்லாதது.

இப்போது நீங்கள் க்ரூவின் இடத்துக்கு வர வேண்டும். இடுப்பில் ஒரு கச்சை, அதன் முன்னால் ஒரு கொக்கி. பாய்மரத்தின் மேல்பகுதியிலிருந்து தொங்கும் மெல்லிய கம்பியின் வளையத்தை அந்தக் கொக்கியில் மாட்டியிருக்கிறீர்கள். இதற்கு டிராபீஸ் என்று பெயர். படகின் விளிம்பில் பாதங்களை ஊன்றி, உடம்பை விறைப்பாக நீட்டி, கடலுக்கு மேலே மல்லாந்து கிடக்கிறீர்கள். முதுகுக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறது. கையில் முன்பாயின் கயிறு. பின்னாலிருந்து குரல் வருகிறது: "திரும்புறோம்." அடுத்த இரண்டு மூன்று நொடியில் உள்ளே வர வேண்டும், கொக்கியைக் கழற்ற வேண்டும், தலையைத் தாழ்த்திப் பாய்த் தடிக்குக் கீழே புகுந்து மறுபக்கம் போக வேண்டும், அந்தப் பக்கத்துக் கயிற்றை இழுக்க வேண்டும், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வெளியே பாய வேண்டும். கொக்கி மாட்டுவது கடைசியில்தான். வளையம் கொக்கியில் சிக்கிவிட்டால் ஆள் இந்தப் பக்கம், பாய் அந்தப் பக்கம், படகு கவிழ்ந்துவிடும். எதிர்க்காற்றில் படகு நேராகப் போக முடியாது. கோணல்மாணலாகத்தான் ஏற முடியும். அதனால் ஒரே பந்தயத்தில் இதைப் பல தடவை செய்ய வேண்டியிருக்கும். என் உள்ளங்கையில் அந்தக் கயிறு போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

ஃபார்ட்டி-நைனரில் இரண்டு பேருமே கம்பியில் தொங்குகிறார்கள். எதிர்க்காற்றில் ஏறும்போது பெரிய பாயின் கயிறு சுக்கான்காரரிடம் இருக்காது, க்ரூவிடம்தான் இருக்கும். ஒருவர் திசையைப் பார்க்கிறார், இன்னொருவர் வேகத்தைப் பார்க்கிறார். இரண்டு மூளை ஒரு உடம்பாக வேலை செய்தால்தான் படகு நிமிர்ந்து நிற்கும். பீட்டர் பர்லிங்கும் பிளேர் டூக்கும் இதில் ஆறு உலகப் பட்டம் எடுத்திருக்கிறார்கள். நியூசிலாந்துக்காரர்கள். அந்த ஆறும் இதே ஜோடியாக எடுத்தவை.

உலகப் போட்டியில் புள்ளிக் கணக்கு தலைகீழ். முதலில் வந்தால் 1 புள்ளி, பத்தாவதாக வந்தால் 10. குறைந்த புள்ளிக்காரருக்கே பட்டம். போட்டி சுமார் ஒரு வாரம் நடக்கும். படகுகள் அதிகம் என்றால் முதல் சில நாட்கள் குழுக்களாகப் பிரித்து ஓடவிட்டு, மேலே வந்தவர்களைத் தங்கக் குழுவில் சேர்ப்பார்கள். மிக மோசமான ஒரு முடிவைக் கழித்துவிடலாம். ஒலிம்பிக் வகுப்புகளில் பல வருடம் இருந்த முறை இது: கடைசி நாளில் முதல் பத்துப் படகுகளுக்கு மட்டும் பதக்கப் பந்தயம். அதில் புள்ளி இரண்டு மடங்கு, அதைக் கழிக்க முடியாது. ஒரு ஜோடி 1, 1, 25, 20 என்று முடித்தது என்று வையுங்கள். இன்னொரு ஜோடி 5, 6, 4, 5. மோசமானதைக் கழித்தால் முதல் ஜோடிக்கு 22, இரண்டாவது ஜோடிக்கு 14. இரண்டு பந்தயத்தை வென்றவர்கள் பின்தங்குகிறார்கள், ஒன்றைக்கூட வெல்லாதவர்கள் முன்னால் நிற்கிறார்கள். எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். கெட்ட நாளில் இருவரும் ஒருவரை ஒருவர் எப்படித் தாங்கினார்கள் என்பதை அது அளக்கிறது.

ஒலிம்பிக்கைவிட உலகப் போட்டிதான் கடினம் என்று இந்த விளையாட்டில் இருக்கும் பலர் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்கு ஒரு வகுப்பில் ஒரே படகு. உலகின் முதல் பத்தில் மூன்று ஜோடிகள் ஒரே நாட்டவராக இருந்தால், இரண்டு ஜோடி வீட்டில் உட்கார வேண்டியதுதான். உலகப் போட்டியில் அந்த மூன்றும் வரும். தொடக்கக் கோட்டில் படகோடு படகு உரசுகிற மாதிரி நெரிசல். ஒரு நிமிடம் மிச்சம். க்ரூ நொடிகளைச் சத்தமாக எண்ணுவார்: முப்பது, இருபது, பத்து. ஒரு அடி முந்திக் கோட்டைத் தாண்டி, அதற்காகத் தண்டனை வாங்கிவிட்டால், அந்தக் குழுவின் மொத்தப் படகு எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிப் புள்ளி விழும். ஒரு வார உழைப்பு அங்கேயே ஆட்டம் கண்டுவிடும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெரிய போட்டி, நான்காவது நாள், எதிர்க்காற்றில் கடைசி ஏற்றம். நாங்கள் நல்ல இடத்தில் இருந்தோம். நான் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் தூரத்தில் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. கறுத்த தண்ணீர் என்றால் அங்கே காற்று இறங்குகிறது என்று அர்த்தம். பின்னால் இருந்த நண்பரும் பார்த்திருப்பார் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அவர் பார்க்கவில்லை. பார்க்க முடியாது, அவர் கண் முழுக்கப் பாயின் முன்விளிம்பிலும் அலையிலும்தான் இருக்கும். தூரத்தைப் பார்ப்பது என் வேலை. வலப்பக்கம் போன ஏழு படகுகள் எங்களைத் தாண்டின. கரைக்கு வந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நீ பாத்தியா?" ஆமாம் என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து, அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து நான் எதையும் சொல்லாமல் விட்டதில்லை.

டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு பெரிய மாற்றம் ஒன்று வந்தது. ஃபோர் செவன்ட்டியில் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று இருந்ததை எடுத்துவிட்டு, ஒலிம்பிக்கில் ஒரு ஆண், ஒரு பெண் சேர்ந்த கலப்பு ஜோடி மட்டும் என்றார்கள். பல வருடம் கண் ஜாடையிலேயே பேசிப் பழகிய ஜோடிகள் பிரிந்தன. சுவீடனின் ஆன்டன் டால்பெர்க் 2021இல் ஃப்ரெட்ரிக் பெர்க்ஸ்ட்ரோமுடன் உலகப் பட்டம் வென்றவர், டோக்கியோவில் வெள்ளி வாங்கியவர். அவர் லோவிசா கார்ல்சனுடன் முதலிலிருந்து ஆரம்பித்து, 2024 ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார். அந்தப் போட்டிகள் மார்செய்லில் நடந்தன. தங்கம் வென்றது ஆஸ்திரிய ஜோடி. சுக்கான் பிடித்தவர் லாரா வாட்லாவ், கம்பியில் தொங்கியவர் லூகாஸ் மேர். வெள்ளி வென்ற ஜப்பான் ஜோடியில் ஒகாடா கெய்ஜு சுக்கானில், யோஷியோகா மிஹோ க்ரூவாக. யார் எங்கே உட்கார வேண்டும் என்று படகு கேட்பதில்லை. வாட்லாவ் 2014இலும் 2015இலும் யோலாண்டா ஓகர் என்ற க்ரூவோடு பெண்கள் உலகப் பட்டம் வென்றவர். அவ்வளவு பழகிய குரலை விட்டுவிட்டு இன்னொரு குரலோடு மறுபடி தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்று க்ரூவாக இருந்தவர்களுக்குத் தெரியும்.

டோக்கியோ போட்டியின் ஃபார்ட்டி-நைனர் பதக்கப் பந்தயத்தின் பதிவு கிடைத்தால் பாருங்கள். 2021 ஆகஸ்ட் 3, எனோஷிமா. பிரிட்டனின் டிலன் ஃப்ளெட்சரும் ஸ்டூவர்ட் பித்தெலும் முடிவுக் கோட்டில் ஜெர்மனிப் படகை மயிரிழையில் முந்தினார்கள். முதலிடத்துக்கு 2 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 4. முந்தியதால் அவர்களுடைய மொத்தம் 58. பர்லிங்குக்கும் டூக்குக்கும் அதே 58. சமம் என்றால் பதக்கப் பந்தயத்தில் முன்னால் வந்தவருக்குத் தங்கம். முந்தாமல் போயிருந்தால் 60, தங்கம் நியூசிலாந்துக்குப் போயிருக்கும்.

இந்த மாதிரிப் பந்தயங்களில் படகில் மைக் வைத்திருந்தால், படத்தைவிட அந்தச் சத்தத்தைக் கவனியுங்கள். கத்தல் குறைவாகத்தான் இருக்கும். முன்னாலிருந்து ஒரு குரல், மூச்சு வாங்க, விடாமல் வந்துகொண்டே இருக்கும்: காற்று வருது, ஐந்து, நான்கு, மூன்று. இடப்பக்கம் ஒருத்தன் வர்றான், நமக்கு வழி இருக்கு. அடுத்த அலை பெருசு. இப்போ.