பில் போடும் இடத்தில் பத்து எண்கள்

வணக்கம் நேயர்களே.

போன மாதம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கல்லூரி வயதில் ஒரு பெண். "நம்பர் சொல்லுங்க" என்றார் பில் போடுபவர். அந்தப் பெண் தயங்கினாள், ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். கடைக்குள் பாட்டுச் சத்தம். "கேக்கல, சத்தமா சொல்லுங்க" என்றார் அவர். இரண்டாவது தடவை அந்தப் பத்து எண்களும் எனக்குத் தெளிவாகக் கேட்டன. வரிசையில் நின்ற மற்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

நம் அந்தரங்கம் பறிபோவதற்குத் தொழில்நுட்பம் காரணமா, மனிதர்கள் காரணமா என்று பேச அழைத்தார்கள். உடனே அந்தப் பெண் திரும்பிப் பார்த்த பார்வைதான் நினைவுக்கு வந்தது. நாளைக்கு யாரோ ஒருவன் நள்ளிரவில் அவளை அழைத்துத் தொல்லை கொடுத்தால், "நீ ஏன் நம்பரைக் கொடுத்தே?" என்று வீட்டில் அவளைத்தான் திட்டுவார்கள். அது நியாயமே இல்லை.

2018-இல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்கு ஃபேஸ்புக் பயனர்களின் தகவல் போன விவகாரம் வெடித்தது நினைவிருக்கலாம். ஃபேஸ்புக்கில் உங்கள் குணம் எப்படி என்று கேள்வி கேட்கும் ஒரு செயலி வழியாகத்தான் அது போனது. இந்தியாவில் அதை நிறுவியவர்கள் வெறும் 335 பேர். ஆனால் தகவல் போயிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. மற்ற அத்தனை பேரும் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. அவர்களுடைய நண்பர் யாரோ ஒருவர் அழுத்தினார், அவ்வளவுதான். ஒருவர் சம்மதித்தால் அவருடைய நண்பர்களின் தகவலையும் செயலிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கு அந்தத் தளம் வைத்திருந்த ஏற்பாடு அப்படி. அந்தக் கதவை இயந்திரம் தானாகத் திறக்கவில்லை. மனிதர்கள் உட்கார்ந்து பேசி, முடிவெடுத்துத் திறந்து வைத்தார்கள். ஆகவே மனிதர்கள்தான் காரணம் என்பேன். ஆனால் நாம் வழக்கமாகத் திட்டுகிற மனிதர்கள் அல்ல.

சரி, நமக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. புதிதாக ஒரு செயலியைப் போடுகிறோம். தொடர்புகளைப் பார்க்கலாமா என்று கேட்கிறது. அனுமதி கொடுக்கிறோம். என் போனில் என் எண்ணா இருக்கிறது? தங்கை, பக்கத்து வீட்டு அக்கா, மருந்துக்கடைக்காரர் என்று எத்தனையோ பேருடைய எண்கள். யாரிடமும் கேட்காமல் எல்லாரையும் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். என் தங்கை பையனின் மதிப்பெண் பட்டியலைக்கூடப் பெருமை தாங்காமல் குடும்பக் குழுவில் போட்டேன். பிறந்த தேதி, பள்ளி, பதிவெண் எல்லாம் அதில் இருந்தன. அவனிடம் கேட்கத் தோன்றவே இல்லை. இதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று நம் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வாதாடிய காலம் உண்டு. ஆதாரை எதிர்த்து 2012-இல் வழக்குப் போட்ட கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. எண்பதைத் தாண்டிய வயதில் அவர் எடுத்துக்கொண்ட சிரமம் அது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அது அடிப்படை உரிமைதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். பில் போடுவதற்குக் கைபேசி எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2023 மே மாதம் கடைகளுக்கு அறிவுறுத்தியது. ஆனாலும் கடைகளில் கேட்கிறார்கள், நாமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அன்றைக்கு என் முறை வந்தது. "நம்பர் தர விருப்பம் இல்லைங்க" என்றேன். "நம்பர் போடாம பில் வராது சார், சிஸ்டம் அப்படி" என்றார் அவர். அவர்மேல் தவறில்லை, அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து என்னைப் பார்த்தார், குனிந்து ஏதோ இரண்டு விசைகளைத் தட்டினார். எண் இல்லாமலே பில் வந்துவிட்டது.

பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். எனக்குப் பின்னால் நின்ற வயதான அம்மா சொன்னது கேட்டது: "தம்பி, எனக்கும் அதே மாதிரி போட்டுடுப்பா."