கடலோரம், சைக்கிள், மத்தியானக் காற்று

வணக்கம் நண்பர்களே. குரல் கரகரவென்று இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு 140 கிலோமீட்டர், கடலை ஒட்டியே, பாதி நாள் எதிர்காற்றில். பைகள், கூடாரம், தண்ணீர் எல்லாம் சைக்கிளில் ஏற்றித்தான். காலையில் எடுத்த காட்சியில் முகம் பளிச்சென்று இருக்கும். இப்போது பாருங்கள், புருவமெல்லாம் உப்பு. அதில் பாதி கடலுடையது, பாதி என்னுடையது.

கடலோரம் என்றாலே சமதளம், ஜாலியாகப் போய்விடலாம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். பாறைக் கரையாக இருந்தால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். சாலை ஒரு முனையில் ஏறும், ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு இறங்கும், பாலம் தாண்டியதும் மறுபடி ஏறும். ஒவ்வொன்றும் ஐம்பது மீட்டர் உயரம்தான் என்றாலும் இருபது முறை ஏறினால் மொத்தம் 1,000 மீட்டர் வந்துவிடும். மலைச்சாலையிலாவது கால்கள் ஒரு தாளத்துக்கு வரும். இங்கே தாளம் வருவதற்குள் ஏற்றம் முடிந்துபோகிறது. ஆனாலும் ஏற்றத்தை மன்னித்துவிடலாம், அதற்கு ஒரு இறக்கம் உண்டு. காற்றுக்கு அது கிடையாது.

இன்றைக்கு விடியும் முன்பே கிளம்பினேன். முதல் நான்கு மணி நேரத்தில் பாதித் தூரம் முடிந்தது. மீதிப் பாதிக்கு ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. அதே கால், அதே சைக்கிள், மாறியது காற்று மட்டும்தான். வெயில் ஏற ஏற நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. நிலத்தின் மேலிருக்கும் காற்று சூடாகி மேலெழும்ப, அந்த இடத்துக்குக் கடல்மேலிருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. முற்பகலில் மெதுவாக ஆரம்பித்து, பிற்பகலில் உச்சத்துக்குப் போய், பொழுது சாய்ந்த பிறகுதான் அடங்கும்.

சரி, கடலிலிருந்து நேராக வருகிற காற்று நமக்குப் பக்கக்காற்றுதானே, எதிர்காற்று எப்படி ஆகும்? பூமி சுழல்வதால் அது போகப் போகத் திரும்புகிறது. வட அரைக்கோளத்தில் வலப்பக்கமாகத் திரும்பும். அதனால் அங்கே கடல் உங்கள் இடப்பக்கம் இருந்தால், சாயங்காலம் நெருங்க நெருங்கக் காற்று முகத்துக்கு நேரே வரும். கடல் வலப்பக்கம் இருந்தால் முதுகைத் தள்ளிவிடும். எனக்கு இன்றைக்கு இடப்பக்கம். பருவக்காற்று பலமாக வீசும் மாதங்களில் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது, அப்போது அதுதான் ராஜா. அமெரிக்காவின் பசிபிக் கரையோரமாக நீண்ட பயணம் போகிறவர்களில் பெரும்பாலானோர் வடக்கிலிருந்து தெற்காகப் போவார்கள். கோடையில் அங்கே காற்று வடமேற்கிலிருந்து வந்து முதுகைத் தள்ளும். வரைபடத்தில் எந்த ஊரிலிருந்து தொடங்குவது என்று யோசிக்கும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும். நடுவழியில் திரும்பிக்கொள்ள முடியாது.

எதிர்காற்று ஏன் இவ்வளவு கொடுமை என்றால், நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிரே காற்றும் 20இல் வருகிறது என்று வையுங்கள். உடம்பில் மோதுவது 40. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், அது நான்கு மடங்காகிவிடும். அதே வேகத்தைப் பிடித்து வைக்கலாம் என்று முறைத்துக்கொண்டு மிதித்தால் ஒரு மணி நேரத்தில் தொடை காலி. நான் சைக்கிள் வேகமானியின் திரையில் வேகத்தை மறைத்துவிட்டு நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். கியரைக் குறைத்து, பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற அளவுக்கு மட்டும். பத்து கிலோமீட்டர் வேகமா, இருக்கட்டும்.

காற்றை அளக்கக் கருவியும் வேண்டாம், கடலைப் பார்த்தால் போதும். அலை உச்சியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்ணுரை தெரிந்தால் 12இலிருந்து 19 கிலோமீட்டர் வேகம். பரவலாகத் தெரிந்தால் 20இலிருந்து 28. எங்கு பார்த்தாலும் நுரை என்றால் 29ஐத் தாண்டிவிட்டது, இடைவேளை எடுங்கள். கப்பல்காரர்களின் போஃபர்ட் அளவுகோலில் இருப்பதுதான் இது.

பயந்தது பக்கக்காற்றுக்குத்தான். மரங்களோ சுவரோ மறைத்துக்கொண்டே வந்து சட்டென்று முடியும் இடத்தில், முன்சக்கரத்துப் பை பாய்மரம்போல் காற்றைப் பிடித்துக்கொண்டு சாலை நடுவே இழுக்கிறது. லாரி காற்று வரும் பக்கத்தில் முந்தினால் இன்னும் மோசம்: காற்றின் மேல் சாய்ந்தபடி போகிறோம், லாரி அதை ஒரு நொடி மறைக்கிறது, நாம் லாரிப் பக்கமே சரிகிறோம். சத்தம் கேட்டதும் பிடியைத் தளர்த்தி, ஓரத்தில் இடம் விட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தண்ணீர். எதிர்காற்று வியர்வையை உடனுக்குடன் காயவைப்பதால் வியர்க்கவே இல்லை என்று தோன்றும். திசை மாறி முதுகுக்காற்று வந்ததும்தான் சொட்டச் சொட்ட வழியும். அதற்காக வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிக்காதீர்கள், ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்; உப்பும் சேர வேண்டும். சாப்பாட்டில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தோ சர்க்கரையோ, பசிக்கும் முன்பே.

சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் இப்போது மரத்துப்போயிருக்கின்றன. ஹேண்டில்பாரில் உள்ளங்கை அழுந்தும்போது அங்கே ஓடும் நரம்பு நசுங்குவதால் வருவது. கையை அடிக்கடி இடம் மாற்றி வைத்தால் குறையும், ஆனால் எதிர்காற்றில் குனிந்தே கிடந்தால் மாற்ற எங்கே மனம் வரும்!

படுக்கும் முன் ஒரு வேலை பாக்கி. சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஒரு ராத்திரி விட்டால்கூட செயினில் துரு தெரியும். பீய்ச்சி அடிக்காமல் மெதுவாக ஊற்றுவேன், பேரிங்குக்குள் உப்புத்தண்ணீர் போய்விடக் கூடாது. துடைத்து, எண்ணெய் விட்டு, மிச்சத்தையும் துடைத்துவிடுவேன். ஈரமாக விட்டால் மணல் ஒட்டும். நாளைக்கும் கடல் இடப்பக்கம்தான். அதனால் அலாரத்தை இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியாயிற்று. வரட்டுமா?