கல்லு கொட்டினா கரை நிக்குமா? ஏப்ரான் எங்க?

வணக்கம் மக்களே. இன்னிக்கு வேற தலைப்பு பேசறதா இருந்துச்சு, ஆனா நீங்க எல்லாரும் ஒரே கிளிப்பை மாத்தி மாத்தி அனுப்பிட்டு இருக்கீங்க. புதுசாக் கட்டின கரைச்சுவர் அப்படியே ஆத்துக்குள்ள குப்புற விழுது. கீழ ஒரு வரி, "வெள்ளம் அடிச்சுட்டுப் போயிடுச்சு"ன்னு. அதைப் படிச்சதும் எனக்குக் கோவம்தான் வந்துச்சு.

கிளிப்பை நிறுத்திப் பாருங்க. தண்ணி எங்க நிக்குது? சுவரோட பாதிக்கும் கீழ. மேல ஈரக்கோடு தெரியுதா? அங்க வரைக்கும் ஏறிட்டு இறங்கியிருக்கு. ஆக, சுவர் விழுந்தது வெள்ளம் வடியறப்போ.

வெள்ளம் உச்சத்துல இருக்கறப்போ கரை மண்ணு ஊறிக் கனத்துப் போயிருக்கும், ஆனா ஆத்துத் தண்ணியே அதுக்கு முட்டுக் கொடுத்துட்டு நிக்கும். மட்டம் மளமளன்னு இறங்கினா முட்டு போச்சு. மண்ணுக்குள்ள இருக்கற தண்ணி அதே வேகத்துல வெளிய வராது, களிமண்ணுன்னா இன்னும் மெதுவா. உள்ள இருந்து தள்ளும், வெளிய தாங்க ஒண்ணும் இல்ல. இந்தச் சுவத்துல வடிகால் துளை ஒண்ணாவது இருக்கான்னு தேடிப் பாருங்க, இல்லவே இல்ல. மின்சாரத் தேவைக்கு ஏத்த மாதிரி அணையில தண்ணியைத் திறந்து மூடற ஆறுகள்ல இந்த ஏத்த இறக்கம் அடிக்கடி நடக்கும்.

சரி, இது பாதிக் காரணம். நம்ம பழைய ஆளுங்களுக்குத் தெரியும், கரையைப் பாத்தா என்னோட முதல் கேள்வி, "கால் எங்க?" இந்தச் சுவரோட அடியில ஒரு மீட்டர் பள்ளம் தோண்டி, ரெண்டு வரிசைக் கல்லு வெச்சிருக்காங்க. அவ்வளவுதான் கால்!

போர்டுல போடறேன், பொறுமையா பாருங்க. லேசி சூத்திரம், வெள்ளத்துல ஆறு எவ்வளவு ஆழம் தோண்டும்னு கணக்குப் போடறது. வெள்ள அளவை வண்டல் காரணியால வகுத்து, கனமூலம் எடுத்து, 0.473 ஆல பெருக்கணும். வண்டல் காரணின்னா, மணலோட சராசரி விட்டத்தை மில்லிமீட்டர்ல எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 1.76 ஆல பெருக்கறது. மணல் 0.32 மி.மீ.ன்னா காரணி கிட்டத்தட்ட 1. வெள்ளம் விநாடிக்கு 8000 கன மீட்டர்னு வைங்க, கனமூலம் 20, ஆழம் 9.46 மீட்டர். மிதமான வளைவா இருந்தா இன்னும் 1.5 ஆல பெருக்கணும், 14.2 மீட்டர். இது வெள்ள மட்டத்துல இருந்து கீழ. ஆத்துப்படுகை அதே மட்டத்துல இருந்து 6 மீட்டர் கீழ இருந்தா, படுகைக்குக் கீழயே 8.2 மீட்டர் வரைக்கும் ஆறு தோண்டும். எட்டு மீட்டர் தோண்டற இடத்துல ஒரு மீட்டர் பள்ளம்! இதை எப்படி மனசு ஒத்துக்கிட்டுக் கட்டறாங்க?

எட்டு மீட்டருக்கு அஸ்திவாரம் தோண்ட முடியாது, அதான் ஏப்ரான். தண்ணி குறைஞ்ச காலத்துல, கரை அடியில இருந்து ஆத்துக்குள்ள கல்லைத் தட்டையா விரிக்கணும். நீளம் அந்த 8.2ல ஒன்றரை மடங்கு, 12.3 மீட்டர். ஆறு வெளி ஓரத்தைத் தோண்டத் தோண்ட, கல்லு ஒவ்வொண்ணா உருண்டு, இரண்டுக்கு ஒண்ணு சரிவுல, அதாவது ரெண்டு மீட்டர் தள்ளிப் போனா ஒரு மீட்டர் இறங்கற சரிவுல, தானே படிஞ்சுக்கும். ஏப்ரானோட தடிமன், கரைச் சரிவுல பதிச்ச கல்லோட தடிமனைப் போல, கரையை ஒட்டின உள் ஓரத்துல 1.5 மடங்கு, வெளி ஓரத்துல 2.25 மடங்கு. சரிவுல 90 செ.மீ.ன்னா வெளி ஓரத்துல 2 மீட்டருக்கு மேல வரும். இங்கதான் கஞ்சத்தனம் பண்றாங்க.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு ஏப்ரான் கல்லுக்கு சிமெண்ட் பூசாதீங்க. எனக்குச் சுத்தமாப் பிடிக்காத வேலை அது. பூசினா கல்லு உருளாது, அடியில மண்ணு போய்ப் பொந்தாகும், ஒரு நாள் பலகையா உடையும்.

ஆங், லேசியில ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அது தானே அகலத்தை அமைச்சுக்கிட்ட வண்டல் ஆத்துக்கு. பாலம் போட்டு நெருக்கின இடத்துல ஆழம் இன்னும் கூடும், அதைத் தனியாக் கணக்குப் போடணும்.

அடுத்தது துணி, ஜியோடெக்ஸ்டைல். கல்லுக்கு அடியில விரிக்கறது, தண்ணியை விடும், மண்ணை விடாது. கிளிப்புல கல்லு விழுந்த இடத்துல நேரா மண்ணுதான் தெரியுது, துணியே இல்ல. கல்லு இடுக்கு வழியா மண்ணு கரைஞ்சு வெளிய வந்துடும், கல்லு அப்படியே உள்ள இறங்கும். ஒரு துண்டோட விளிம்பு அடுத்த துண்டு மேல ஏறற மாதிரி, மேல்படியா விரிக்கணும், ஓட்டம் வர பக்கத்துத் துண்டு ஓட்டம் போற பக்கத்துத் துண்டுக்கு மேல வரணும். மாத்திப் போட்டா ஓட்டம் விளிம்பைத் தூக்கிடும். தண்ணிக்கடியில விரிக்கறதா இருந்தா ஒரு மீட்டர் மேல்படி விடுங்க, அங்க நேரா விழறது கஷ்டம்.

வெட்டிவேர் போதும்னு நிறைய பேர் எழுதறீங்க. எனக்கும் வெட்டிவேர் ரொம்பப் பிடிக்கும், மேல் கரைக்கு அருமையான வேலை. ஆனா வேர் மூணு மீட்டர் போகும், ஆறு எட்டு மீட்டர் தோண்டும்.

இத்தனையும் ஒழுங்காப் பண்ணினாலும், படுகையே கீழ இறங்கிட்டா கணக்கு எல்லாம் போச்சு. மணல் அள்ளின குழி அங்கயே நிக்காது, அதோட மேல் விளிம்பு அரிச்சுக்கிட்டே ஆத்துல மேல நோக்கிப் போகும், கீழ வர மணலையும் குழியே பிடிச்சு வெச்சுக்கும். 2017 ஏப்ரல்ல வியட்நாம்ல, மெகாங் டெல்டாவுல வாம் நாவ் ஆத்தங்கரையில வீடுங்க வரிசையா உள்ள போச்சு. அது வறண்ட காலம், வெள்ளமே இல்ல. அணையும் அப்படித்தான், மணலை மேலயே நிறுத்திட்டுத் தெளிஞ்ச தண்ணியைக் கீழ விடும், அது கீழ்ப்படுகையைச் சுரண்டும். ஜெர்மனியில ரைன் ஆத்துல இஃபெட்ஸ்ஹைம் தடுப்பணைக்குக் கீழ 1978ல இருந்து படகுல சரளை கொண்டுவந்து ஆத்துல கொட்டிட்டே இருக்காங்க, படுகை இறங்கக் கூடாதுன்னு. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கற இந்த வேலையை நான் மனசாரப் பாராட்டறேன்.

கரையில குடியிருக்கறவங்க இதைப் பண்ணுங்க. விளிம்புக்கு இணையா, சில அடி உள்ள தள்ளி, தரையில வெடிப்பு இருக்கான்னு பாருங்க. இருந்தா ரெண்டு பக்கமும் ஒரு முளை அடிச்சு, தலையில ஆணி வெச்சு, ஆணிக்கு ஆணி டேப் பிடிச்சு தினமும் எழுதி வைங்க. மழைத்தண்ணி இறங்காம வெடிப்பைக் களிமண்ணால அடைச்சுடுங்க. அளவு கூடிட்டே போனா, அதுவும் வெள்ளம் வடியறப்போ கூடினா, அந்தப் பக்கம் யாரும் போகாதீங்க. ரிப்பேருக்கு வந்த கல்லையும் லாரியையும் விளிம்புல நிறுத்தவே விடாதீங்க, அந்தப் பாரமே கரையை உள்ள தள்ளிடும்.