வைஃபை வரவில்லை: பழுதா, மறுப்பா?

வணக்கம். சந்தேகங்களுக்கு விளக்கம் பகுதிக்கு இன்று ஒரே ஒரு கேள்விதான் எடுத்து வந்திருக்கிறேன். போன வாரமே பதில் சொல்லியிருக்க வேண்டியது. கேள்வியின் கடைசி வரி மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்ததால் தள்ளிப் போட்டேன்.

கேட்டிருப்பவர் ஒரு பள்ளி ஆசிரியை. தம்பி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினி பல வருடமாகப் பரண் மேல் கிடந்திருக்கிறது. நம்முடைய பழைய காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு அதை இறக்கித் துடைத்து, டிரிஸ்குவெல் என்ற கட்டற்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியிருக்கிறார். அவர் எழுதியதைப் படிக்கிறேன். "சார், பென்டிரைவில் போட்டுப் பார்த்த முதல் நாள் எந்த இணையத் தளமும் திறக்கவில்லை, பாதுகாப்பில்லை என்றது. அப்புறம் தானாகச் சரியாகிவிட்டது. ஆனால் வைஃபை பட்டியல் இன்றுவரை வரவேயில்லை. கேபிள் போட்டுத்தான் ஓட்டுகிறேன். வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது. இலவசக் கணினியில் இலவச மென்பொருள் போட்டால் இப்படித்தான் இருக்குமோ?"

அந்தக் கடைசி வரிதான். டீச்சர், நீங்கள் விளையாட்டாக எழுதியிருக்கலாம். ஆனால் நிறையப் பேர் இப்படிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று மறுபடி ஆரம்பித்தால் வழக்கமாகப் பார்ப்பவர்கள் அடிக்க வருவார்கள். ஆகையால் ஒரே வரி: உங்கள் கணினிக்குக் காசு வாங்கவில்லை, அது இலவசம். டிரிஸ்குவெல்லில் யாரும் திறந்து பார்க்க முடியாத நிரல் எதுவும் வைக்கப்படவில்லை, அது கட்டற்றது. காசுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஒரு கணினி வேலை செய்யவில்லை என்றால் நாம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எது கெட்டுப்போச்சு?" முழுவதும் கட்டற்ற அமைப்பில் அந்தக் கேள்வி உங்களை வேறு ஊருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். இங்கே முதலில் கேட்க வேண்டியது, இது பழுதா, மறுப்பா என்று. பழுது என்றால் ஒரு பாகம் செய்ய வேண்டியதைச் செய்ய முடியாமல் நிற்கிறது. மறுப்பு என்றால் பாகம் நன்றாக இருக்கிறது, அதற்கு வேண்டிய ஒன்றைத் தர மாட்டேன் என்று அமைப்பு முடிவோடு நிற்கிறது. உங்கள் வைஃபை பெரும்பாலும் இரண்டாவது வகை. மற்ற இரண்டு தொந்தரவுகளுக்கும் டிரிஸ்குவெல்லோடு சம்பந்தமே இல்லை. மூன்றும் ஒரே வாரத்தில் வந்ததால் பாவம், பழி முழுக்க டிரிஸ்குவெல் தலையில் விழுந்துவிட்டது.

மறுப்பு எங்கிருந்து வருகிறது? நிறைய வைஃபை சிப்புகளுக்குள் ஒரு குட்டிச் செயலி இருக்கிறது. கணினியைப் போடும் ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு நிரலை ஊட்ட வேண்டும். ஃபர்ம்வேர் என்கிறோமே, அதுதான். இன்டெல் வைஃபை அட்டைகளுக்கெல்லாம் இது வேண்டும். அந்த நிரலின் மூல வடிவத்தைத் தயாரிப்பாளர் தருவதில்லை. வழக்கமான லினக்ஸ் அமைப்புகள், போகட்டும் என்று அதையும் சேர்த்துக்கொள்கின்றன. டெபியன்கூட 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து நிறுவும் வட்டிலேயே சேர்த்துவிட்டது. டிரிஸ்குவெல் சேர்க்காது. அதன் கர்னல், அதாவது அமைப்பின் மையக்கரு, லினக்ஸ்-லிப்ரே. இலத்தீன் அமெரிக்கக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை பராமரிக்கும் வடிவம் அது. மூல வடிவம் தராத மூடிய துண்டுகளை நீக்கிவிட்டு வருவது.

நீக்கியதை அது மறைப்பதும் இல்லை. கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து எஸ்-யு-டி-ஓ என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு டி-எம்-இ-எஸ்-ஜி என்று தட்டுங்கள். மேலே போய்த் தேடினால் 'மிஸ்ஸிங் ஃப்ரீ ஃபர்ம்வேர்' என்று ஒரு வரி வரும். கூடவே கோப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'டீபிளாப்டு', அதாவது மூடிய துண்டு நீக்கப்பட்டது, என்று இருக்கும். வைஃபைக்கு அந்த வரி கண்ணில் பட்டால் உங்கள் அட்டை பெரும்பாலும் ஆரோக்கியமாக இருக்கிறது, மறுப்புதான். பெயரையே எடுத்துவிடுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். மூடிய கோப்பைத் தேடிப் போக நாமே வழிகாட்டக் கூடாது என்பது அவர்கள் நியாயம். ஆனால் முதல் தடவை பார்க்கிறவர் இதை என்னவென்று புரிந்துகொள்வார்?

இன்னொரு முரணும் உண்டு. அதே மாதிரி மூடிய நிரல் சிப்புக்குள்ளேயே தொழிற்சாலையில் பதிக்கப்பட்டு வந்துவிட்டால், யாரும் ஆட்சேபம் சொல்வதில்லை. நாம் ஊட்ட வேண்டியிருந்தால்தான் மறுப்பு. ஏனென்றால் பதித்ததை யாராலும் மாற்ற முடியாது, அது வன்பொருளுக்குச் சமம். கோப்பாக வருவதைத் தயாரிப்பாளர் மட்டும் மாற்றலாம், நாம் மாற்ற முடியாது. வாதம் புரிகிறது. முழுக்க ஏற்கிறேனா என்றால், நாளைக்கு நாள் மாறுகிறது.

சரி, எந்தச் சிப் என்று எப்படித் தெரியும்? மடிக்கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள். கணினியையே கேளுங்கள். எல்-எஸ்-பி-சி-ஐ, இடைவெளி, ஒரு சிறுகோடு, இரண்டு என். வரும் பட்டியலில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரியின் கடைசிப் பக்கத்தில், சதுர அடைப்புக்குள், நடுவில் முக்காற்புள்ளி வைத்த எண் இருக்கும். முன்பாதி தயாரிப்பாளர். 8086 என்றால் இன்டெல். 1978-இல் வந்த அவர்களுடைய புகழ்பெற்ற செயலியின் எண்ணையே அடையாளமாக வாங்கிக்கொண்டார்கள், குறும்புக்காரர்கள். 14ஈ4 என்றால் பிராட்காம். 10ஈசி என்றால் ரியல்டெக். 168சி என்று வந்தால் ஒரு லட்டு சாப்பிடுங்கள், அது ஏத்தெரோஸ்.

ஏன் லட்டு? ஏத்தெரோஸின் பழைய சிப்புகளுக்கு ஃபர்ம்வேர் ஊட்ட வேண்டியதே இல்லை. வேலையைக் கணினியில் இருக்கும் டிரைவரே பார்த்துக்கொள்ளும், அந்த டிரைவர் கட்டற்றது. ஏஆர்9280, ஏஆர்9285 இரண்டும் இந்த வகை. ஆனால் 168சி என்று இருந்தாலும் 'ஏசி' எனப்படும் அடுத்த வைஃபை தலைமுறைக்கு வந்துவிட்டால் கதை மாறிவிடும், அவையும் மூடிய ஃபர்ம்வேர் கேட்கும். இந்த விஷயத்தில் பழசுதான் நல்லது, ஊறுகாய் மாதிரி.

உங்களுடையது 168சி இல்லை என்றால் மூன்று வழி. உடனடி வழி, கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன். யூஎஸ்பி கம்பியில் இணைத்து, போன் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் முடிந்தது. போன் வைஃபையைப் பிடித்துக் கணினிக்குத் தரும். போனுக்குள் இருப்பது கட்டற்றதா என்று கேட்காதீர்கள். அடுத்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறோம், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஏஆர்9271 சிப் உள்ள யூஎஸ்பி வைஃபை. அதற்கு ஃபர்ம்வேர் வேண்டும், ஆனால் அந்த ஃபர்ம்வேரின் மூல நிரலையே வெளியிட்டுவிட்டார்கள். அதனால் டிரிஸ்குவெல்லில் செருகியதும் ஓடும். வாங்கும்போது மாடல் பெயரை நம்பாதீர்கள். நான் ஒன்று வாங்கி, பிரமாதம் என்று நண்பரிடம் சொல்லி, அவரும் அதே பெயர், அதே பெட்டி, அதே ஆன்டெனா என்று வாங்கினார். என்னுடையது ஓடியது, அவருடையது ஓடவில்லை. பெட்டிக்குப் பின்னால் பொடி எழுத்தில் பதிப்பு 2 என்றிருந்தது. உள்ளே சிப்பையே மாற்றிவிட்டிருக்கிறார்கள். இன்னும் அவர் என்னிடம் எதையும் விசாரித்து வாங்குவதில்லை.

மூன்றாவது, உள்ளே இருக்கும் அட்டையை மாற்றுவது. அந்தக் காலத்து மடிக்கணினிகளில் இது மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் இடத்தில் இருக்கும், இரண்டு திருகு, இரண்டு ஆன்டெனா கம்பி. ஒரு எச்சரிக்கை மட்டும். சில பிராண்டுகளின் பயாஸ், அதாவது கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் நிரல், தன் பட்டியலில் இல்லாத அட்டையைக் கண்டால் கணினியைத் தொடங்கவே விடாது. 1802 என்று ஒரு எண்ணைக் காட்டிவிட்டு நிற்கும். அதுவும் மறுப்புதான் டீச்சர், பழுது இல்லை. இந்தத் தடவை மறுப்பது தயாரிப்பாளர், அதுவும் அவர்கள் வசதிக்காக. டிரிஸ்குவெல்லைப் பிடிவாதக்காரன் என்று திட்டுபவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் முதல் நாள் பாதுகாப்புத் தகராறு. இது அசல் பழுது. மதர்போர்டில் கடிகாரத்துக்கென்று ஒரு சின்ன பட்டன் பேட்டரி இருக்கும். பரணில் கிடந்ததில் அது செத்துவிட்டது. பேட்டரி செத்ததும் கணினி சில வருடம் பின்னால் வாழ ஆரம்பித்துவிட்டது. இணையத் தளங்களின் சான்றிதழுக்கெல்லாம் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று ஆயுள் உண்டு. பழைய தேதியில் நின்றுகொண்டு பார்த்தால் அவை இன்னும் பிறக்கவே இல்லை, எனவே நம்ப மாட்டேன் என்கிறது உலாவி. கேபிள் வழியாக நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொண்டதும் எல்லாம் திறந்துவிட்டது. மடிக்கணினிகள் பலவற்றில் இந்தப் பேட்டரி இரண்டு கம்பியோடு, ஒரு உறைக்குள் வரும். மெக்கானிக்கிடம் சொன்னால் மாற்றித் தருவார், பெரிய செலவில்லை.

வீடியோ திக்குவது பழுதும் இல்லை, மறுப்பும் இல்லை, வயது. 2011 வாக்கில் வந்த இன்டெல் கிராஃபிக்ஸ் எச்.264 வகை வீடியோவைத் தானே பிரிக்கும். யூடியூப் இப்போது அனுப்புவது பெரும்பாலும் விபி9, ஏவி1 வகைகள். அவற்றை அது அறியாது, முழுச் சுமையும் செயலி தலையில். யூடியூப்பிடம் எச்.264 வகையையே கேட்டு வாங்க எச்264இஃபை என்று ஒரு உலாவி நீட்சி இருக்கிறது, அதுவும் கட்டற்றதுதான். டிரிஸ்குவெல்லின் உலாவியான ஏபிரவுசர் ஃபயர்ஃபாக்ஸ் வழி வந்தது என்பதால் அதில் போட்டுக்கொள்ளலாம். வீடியோ தரத்தை 480-க்கு இறக்கியும் பாருங்கள். அப்படியும் திக்கினால் மின்விசிறியைத் திறந்து தூசி எடுங்கள். சூடு ஏறினால் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒன்று மட்டும் ஆறுதல்: 2015-க்கு முந்தைய இன்டெல் கிராஃபிக்ஸுக்கு ஃபர்ம்வேர் ஊட்ட வேண்டியதில்லை. மூடிய ஃபர்ம்வேர் கேட்கும் ரேடியான் கிராஃபிக்ஸ் உள்ள மடிக்கணினி என்றால் திரை நகர்வதே மந்தமாக இருந்திருக்கும்.

இதெல்லாம் போகட்டும். நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. "சார், நிறுவுவதற்கு முன்னால் எதைப் பார்க்கணும்?" யாருமே இதைக் கேட்பதில்லை. நான் சென்னை ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினி பார்க்கப் போனால், சட்டைப் பையில் டிரிஸ்குவெல் பென்டிரைவ் இருக்கும். கடைக்காரர் ஸ்க்ரீனைப் பாருங்க சார், பேட்டரியைப் பாருங்க சார் என்பார். நான் பென்டிரைவைச் செருகி, அந்தச் சதுர அடைப்பு எண்ணைப் பார்ப்பேன். 168சி என்றால் பேரம் பேச ஆரம்பிப்பேன். நிறுவாமலேயே ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை விசாரிப்பதில்லை என்று ஒரு கடைக்காரர் சொன்னார்.

அப்புறம் இன்னொன்று. நாளை உங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியே ஆக வேண்டும், வைஃபை இல்லாமல் முடியாது என்றால் டெபியன் போட்டுக்கொள்ளுங்கள். அதற்காக யாரும் உங்களை ஊரை விட்டுத் தள்ளி வைக்க மாட்டார்கள். எதை ஏற்றுக்கொண்டோம் என்று தெரிந்து செய்தால் எனக்குப் போதும்.

அந்த எண்ணை எனக்கு அனுப்புங்கள் டீச்சர், என்ன வாங்கலாம் என்று சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை. ஒரு தடவை ஒருவர் இரண்டு பேருந்து மாறி என்னிடம் மடிக்கணினியைத் தூக்கி வந்தார். மூன்று மணி நேரம் கர்னலையும் ஃபர்ம்வேரையும் பற்றி அவருக்கு வகுப்பெடுத்தேன். டீ கொண்டு வந்த பையன்தான் கேட்டான், "அண்ணே, இது என்ன பட்டன்?" முன்விளிம்பில் வைஃபைக்கு ஒரு நகர்த்தும் சுவிட்ச், அணைந்து கிடந்தது. முதலில் உங்கள் மடிக்கணினியின் விளிம்பை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிடுங்கள்.