பெர்லின் நினைவிடத்துக் கற்களில் ஏன் ஒரு பெயர்கூட இல்லை?

சரி, அடுத்த கேள்வி. பெர்லினுக்குப் போய் வந்த ஒரு நேயர் கேட்கிறார்: "படுகொலையான யூதர்களுக்கான நினைவிடத்தைப் பார்த்தேன். வரிசையாகக் கான்கிரீட் கற்கள்தான் நிற்கின்றன. பெயர் இல்லை, மதச் சின்னம் இல்லை. 2711 கற்கள் என்கிறார்களே, அது என்ன கணக்கு?"

கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த எண்ணுக்கு உள்ளர்த்தம் எதுவும் கிடையாது. வடிவமைத்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பீட்டர் ஐசன்மேனின் முதல் திட்டத்தில் கற்கள் இதைவிட அதிகம். திட்டத்தைத் திருத்திச் சுருக்கியபோது 2711 என்று வந்து நின்றது. யூதர்களின் மத நூலான தல்மூதிலும் 2711 தாள்கள் என்று சொல்லி இரண்டையும் முடிச்சுப் போடுவார்கள். அது தற்செயல்தான்.

பெயர்களுக்கு வருவோம். கற்களில் எழுத்தே வேண்டாம் என்பது ஐசன்மேனின் எண்ணம். ஓரத்தில் கற்கள் முழங்கால் உயரம்கூட இருக்காது. உள்ளே போகப் போகத் தரை இறங்கும், கற்கள் உயரும். சில கற்கள் நாலரை மீட்டரையும் தாண்டும். இடைவெளி 95 சென்டிமீட்டர்தான், இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. கூட வந்தவர் அடுத்த சந்தில் திரும்பினால் கண்ணில் படமாட்டார். அந்தத் தவிப்பை நடப்பவர் உடம்பே உணர வேண்டும் என்று நினைத்தார்.

ஆனால் ஜெர்மன் நாடாளுமன்றம் 1999 ஜூனில் ஒப்புதல் கொடுத்தபோதே, தகவல் மையம் ஒன்றும் வேண்டும் என்று சேர்த்துத்தான் முடிவெடுத்தது. அது தரைக்குக் கீழே இருக்கிறது. நேயர் அங்கே இறங்கவில்லை என்று நினைக்கிறேன். அங்கே ஓர் அறையில், தரையில் பதித்த ஒளிப்பலகைகளில் கொல்லப்பட்ட யூதர்கள் எழுதிய டைரி வரிகளும் கடிதங்களும் இருக்கின்றன. 12 வயதுச் சிறுமி சாவதற்கு முன் அப்பாவிடம் விடைபெற்று எழுதிய வரிகளும் அதில் உண்டு. இன்னோர் இருட்டறையில் ஒருவரின் பெயரும் பிறந்த, இறந்த ஆண்டுகளும் சுவரில் தெரியும், அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகக் குரலில் வாசிப்பார்கள். அப்புறம் அடுத்தவர். கொல்லப்பட்ட அறுபது லட்சம் பேரையும் இப்படி வாசித்து முடிக்க ஆறு வருடம், ஏழு மாதம், 27 நாள் ஆகும். இவ்வளவு பெயரை எந்தக் கல்லில் வெட்டுவது? என்னைக் கேட்டால், மேலே சுற்றிவிட்டுத் திரும்புகிறவர் பாதி நினைவிடத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

கட்டும்போது நடந்த ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். கற்களில் யாரும் கிறுக்காமல் இருக்க ஒரு ரசாயனப் பூச்சு பூசினார்கள். அதைக் கொடுத்த டெகுஸ்ஸா நிறுவனத்துக்கு ஹிட்லரின் நாஜிக் காலத்தில் ஒரு துணை நிறுவனம் இருந்தது. விஷவாயு அறைகளில் பயன்பட்ட சைக்ளோன் பி அங்கிருந்துதான் வந்தது. 2003 அக்டோபரில் இது வெடித்து வேலை நின்றது. பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகு, அடுத்த மாதம் அதே நிறுவனத்தோடு தொடரலாம் என்று நினைவிடத்தின் நிர்வாகக் குழு முடிவெடுத்தது. யூதர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து இருந்தது. எனக்கு அந்த முடிவு சரியென்றே படுகிறது. அந்தக் காலத்து ஜெர்மன் தொழில்துறையில் கறை படியாத கையைத் தேடிக்கொண்டிருந்தால் 2005 மே மாதம் அந்த இடம் திறந்திருக்காது.

இன்னொரு விஷயம். இது யூதர்களுக்கு மட்டுமான நினைவிடம். நாஜிகள் கொன்ற சிந்தி, ரோமா மக்களுக்கு (முன்பு ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்டவர்கள்) நாடாளுமன்றக் கட்டடத்தின் பக்கத்திலேயே 2012இல் தனி நினைவிடம் திறந்தார்கள். வட்டமான ஒரு குளம், நடுவில் முக்கோணக் கல், அதன் மேல் தினமும் ஒரு புதுப்பூ. இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம்.

போகிறவர்களுக்கு: கற்களுக்கு இடையில் எந்த நேரமும் நடக்கலாம். கீழே உள்ள மையத்துக்கும் கட்டணம் இல்லை, ஆனால் திங்கட்கிழமை மூடியிருக்கும். கல்லுக்குக் கல் தாவ மட்டும் அனுமதி இல்லை, பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.