மீனின் மினுமினுப்பு வெள்ளையில் இல்லை

அன்பர்களே, எண்ணெய் வண்ணத்தில் மீன் வரைய உட்காருகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, வெள்ளை டியூபைத் திறப்பது. மீனின் வெள்ளி நிறம் சாயம் அல்ல. தோலுக்குள் குவானின் என்ற பொருள் மெல்லிய படிகத் தகடுகளாக அடுக்கி இருக்கிறது. அவை குட்டிக் கண்ணாடிகள். செம்புப் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்தால் வயிற்றில் செம்பு தெரியும். நீலத் துணியில் கிடத்தினால் அடிவயிறு நீலம் பூசிக்கொள்ளும். அதனால்தான் முதலில் பின்புலம், பிறகு மீன் என்கிறோம்.

பிரெஞ்சு ஓவியர் ஷார்தன் வரைந்த திருக்கை பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1728இல் அவரைப் பிரெஞ்சு அரச ஓவிய, சிற்ப அகாதெமிக்குள் கொண்டுபோன படம். கொக்கியில் தொங்கும் திருக்கை, கிழிந்த வயிறு, உள்ளே சிவப்பும் ரோஜாவுமாகக் குடல். அங்கே வண்ணம் தடித்து, சதைபோலவே நிற்கிறது. சுமார் 1924இல் அதே அமைப்பை எடுத்த ஓவியர் சூட்டின், திருக்கையைத் துடிதுடிக்க வைத்தார். அந்த வேகத்தை மட்டும் கடன் வாங்குகிறவர்களின் படம் ஏன் சேறாகிறது? அவருடைய கலவரத்துக்கு அடியில் ஷார்தனின் பட்டம் போன்ற வடிவம் அசையாமல் நிற்கிறது. வடிவம் உறுதியானால்தான் தூரிகை ஆடலாம்.

இனி செய்முறை. டர்பன்டைனில் கரைத்த பழுப்பை கேன்வாஸில் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுங்கள். அல்ட்ராமெரின் என்ற நீலம் இரண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு ஒரு பங்கு: இதுதான் உங்கள் சாம்பல் நிறம். வெள்ளையைக் கூட்டிக் குறைத்து மூன்று குவியல் கலந்துகொள்ளுங்கள். கறுப்பு வேண்டாம், நிழல் செத்துப்போகும். சுத்த வெள்ளை இப்போதைக்கு மேசைக்கே வரக் கூடாது.

கண்ணை முதலில் முடியுங்கள். புது மீனின் கண் புடைத்துத் தெளிவாக இருக்கும். சில மணி நேரத்தில் குழிந்து பால் பூக்கும். விளக்கு வெளிச்சத்தில் தோலும் சீக்கிரம் உலரும். அவ்வப்போது தண்ணீர் தெளிக்கலாம், ஆனால் தேங்கிய துளி பொய்யான பளபளப்பைக் காட்டி ஏமாற்றும்.

கரு முதுகை அகலத் தூரிகையால் தலையிலிருந்து வால்வரை ஒரே இழுப்பில் போடுங்கள். வயிற்றின் வெளிர் நிறத்தை அதன் கீழே வைத்து, இரண்டும் ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த தூரிகையால் ஒருமுறை வருடுங்கள். ஒருமுறைதான். செதிலை எண்ணி எண்ணி வரைந்தால் ஓட்டு வீட்டுக் கூரைதான் கிடைக்கும். வெளிச்சம் இருளுக்குத் திரும்பும் பட்டையில் பத்துப் பன்னிரண்டு செதில் போதும், மீதியைப் பார்ப்பவர் கண் நிரப்பிக்கொள்ளும்.

கடைசியில் வெள்ளை. படம் முழுக்க நாலைந்து தொடுதல்: கண்மணி, செவுள் விளிம்பு, முதுகின் மேடு. தூரிகை நிறைய எடுத்து, வைத்து, தூக்கிவிடுங்கள். மறுபடி தொட்டால் அடியிலிருக்கும் சாம்பல் மேலேறி, மினுக்கு அணைந்துபோகும். தடிப்புக்கு டைட்டானியம் வெள்ளை எடுங்கள். ஜிங்க் வெள்ளை நாளாக நாளாக நொறுங்கும்.

பலகையில் மீன் மிதப்பதாகத் தோன்றினால், சுற்றிலும் கோடு போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். அடிவயிறு பலகையைத் தொடும் இடத்தில் அந்தக் கோட்டை விரலால் துடைத்துவிடுங்கள்.