பவுடர் பால் குடிக்கும் குழந்தை ஏன் கக்கிக்கொண்டே இருக்கிறது?

அடுத்த கேள்வி. பெயர் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருக்கிறார், அதனால் கேள்வியை மட்டும் படிக்கிறேன். "என் மகனுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. பிறந்தபோது 2.9 கிலோ, இப்போது 6 கிலோ. எனக்குப் பால் போதவில்லை என்று முதல் மாதத்திலிருந்தே பவுடர் பால்தான். ஒவ்வொரு முறை குடித்ததும் கக்குகிறான். சில சமயம் மூக்கு வழியாகவும் வருகிறது. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கச் சொன்னார்கள். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை 120 மில்லி, ஒரு நாளைக்கு 10 தடவை கொடுக்கிறேன். அப்படியும் நிற்கவில்லை. இரண்டு பவுடர் மாற்றிப் பார்த்துவிட்டோம். மாமியார் கெட்டியாகக் கரைத்துக் கொடு என்கிறார். தூக்கத்தில் புரை ஏறிவிடுமோ என்று ராத்திரி எல்லாம் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த வாரம் பஸ்ஸில் ஊருக்கு வேறு போக வேண்டும். என்ன செய்வது?"

எவ்வளவு, எத்தனை தடவை, எடை என்ன என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். ரொம்ப நல்லது. பாதி விடை அந்த எண்களிலேயே இருக்கிறது.

முதலில் எடையைப் பார்ப்போம். முதல் மூன்று மாதத்தில் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 25, 30 கிராம் கூடினால் போதும். உங்கள் மகன் அதைத் தாண்டியே போயிருக்கிறான். குடிப்பது உடம்பில் ஒட்டுகிறது என்று அர்த்தம். கக்குற பிள்ளை தக்கும் என்று பாட்டிமார் சொல்வார்களே, இப்படிப்பட்ட குழந்தையைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். கக்கிவிட்டுச் சிரிக்கிறான், விளையாடுகிறான், எடை ஏறுகிறது, ஒரு நாளில் ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் போகிறான் என்றால் அது நோய் இல்லை.

ஏன் கக்குகிறான்? உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. பெரியவர்களுக்கு அது நன்றாக மூடிக்கொள்ளும். சின்னக் குழந்தைக்கு அது சுருக்குக் கயிறு தளர்ந்த சுருக்குப் பை மாதிரி, அடிக்கடி தானாகத் திறந்துகொள்ளும். உணவுக்குழாயும் நீளம் குறைவு. சாப்பாடு முழுக்கத் திரவம், நாள் முழுக்கப் படுக்கை. பிறகு மேலே வராமல் என்ன செய்யும்? முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் தினமும் ஒரு தடவையாவது கக்குகிறார்கள். நான்காவது மாதத்தில்தான் இது உச்சத்துக்குப் போகும். அதனால் உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் கூடினாலும் கூடும், பயப்படாதீர்கள். உட்கார ஆரம்பித்து, கெட்டியான உணவும் சேர்ந்த பிறகு குறையும். ஒரு வயதை ஒட்டி நூற்றுக்கு ஐந்து குழந்தைகள்தான் கக்கிக்கொண்டிருப்பார்கள். தாய்ப்பால் குடிக்கிற குழந்தையும் கக்கும். பவுடர் பால் கொடுத்ததால்தான் வந்தது என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். இந்த வயதில் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 மில்லி பால் போதும். உங்கள் மகன் 6 கிலோ. ஆக 900 மில்லி. நீங்கள் கொடுப்பது 120 மில்லி, 10 தடவை, மொத்தம் 1200. முந்நூறு மில்லி கூடுதல். அந்தக் கூடுதலில் ஒரு பங்குதான் உங்கள் தோளிலும் புடவையிலும் இருக்கிறது.

கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள் என்று உங்களுக்குச் சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த அறிவுரையில் "அடிக்கடி" மட்டும்தான் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்கிறது, "கொஞ்சம்" வழியிலேயே விழுந்துவிடுகிறது. முன்பு கொடுத்த அதே 120-ஐத்தான் அடிக்கடி கொடுக்கிறோம். வயிறு காலியாவதற்கு முன்னாலேயே அடுத்த புட்டி வந்துவிடுகிறது. நாளின் மொத்த அளவு கூடாமல் பிரித்துக் கொடுக்க வேண்டும். 90 மில்லி வீதம் 10 தடவை கொடுத்தால் 900 ஆகிவிடும். இல்லை, 120-தான் வசதி என்றால் 7 அல்லது 8 தடவையோடு நிறுத்துங்கள். கக்கும் குழந்தைக்கு நான் 90-ஐத்தான் சொல்வேன். ஒரு வாரம், பத்து நாள் செய்து பாருங்கள். எடை குறைவாக இருக்கும் குழந்தைக்கு இப்படி நீங்களாக அளவைக் குறைக்கக் கூடாது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குறைமாதக் குழந்தைக்கும் இந்தக் கணக்கு வேறு.

இன்னொன்று. குழந்தை கக்குகிறது, "ஐயோ, குடித்தது எல்லாம் போச்சே, பசிக்குமே" என்று உடனே மறுபடி புட்டி. பெரும்பாலான வீடுகளில் இங்கேதான் அளவு ஏறுகிறது. வீட்டில் இரண்டு டீஸ்பூன் பாலை ஒரு துணியில் ஊற்றிப் பாருங்கள். 10 மில்லிதான். ஆனால் அரை டம்ளர் கொட்டியது போலப் பரவியிருக்கும். கக்கியதை ஈடுகட்ட வேண்டியதில்லை. மூன்று மாதத்தில் கையை வாயில் வைத்துச் சப்புவதும் பசி இல்லை, அந்த வயதின் விளையாட்டு. அழுதால் தூக்கிப் பாருங்கள், டயபர் பாருங்கள், தூக்கம் வருகிறதா என்று பாருங்கள். புட்டி கடைசியில் வரட்டும்.

அப்புறம் நிப்பிள். பால் வேகமாக வரவில்லை என்று ஊசியைக் காய்ச்சி நிப்பிளில் ஓட்டையைப் பெரிதாக்குவது நம் ஊரில் நிறைய வீட்டில் நடக்கிறது. புட்டியைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். கோடாக ஒழுகினால் அந்த நிப்பிளைத் தூக்கிப் போடுங்கள். ஒரு தடவை குடித்து முடிக்க 15, 20 நிமிடம் ஆக வேண்டும். ஐந்து நிமிடத்தில் காலி செய்கிறான் என்றால் பாலோடு காற்றையும் சேர்த்து விழுங்குகிறான். குழந்தையைப் படுக்க வைத்துக் கொடுக்காமல், மடியில் சாய்த்து உட்கார வைத்த மாதிரி பிடியுங்கள். புட்டியை நட்டமாகக் கவிழ்க்காமல், நிப்பிள் நிறையப் பால் இருக்கும் அளவுக்கு மட்டும் சாய்த்தால் போதும். நடுவில் நிறுத்தி ஒரு ஏப்பம், முடிந்ததும் ஒரு ஏப்பம். சில நிமிடம் தடவிக் கொடுத்தும் ஏப்பம் வரவில்லையா, விட்டுவிடுங்கள். முதுகில் பட்பட்டென்று அடித்துக்கொண்டே இருந்தால் ஏப்பத்தோடு பாலும்தான் வரும். முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், வாயை மூடுகிறான் என்றால் மீதி 20 மில்லியை வற்புறுத்தி ஊட்ட வேண்டாம். பவுடர் விலையை நினைத்தால் கொட்ட மனசு வராது, எனக்குத் தெரியும். ஆனாலும் கொட்டிவிடுங்கள்.

குடித்த பிறகு 20 முதல் 30 நிமிடம் தோளில் நேராக வைத்திருங்கள். சாய்வு நாற்காலி, கார் சீட் போன்றவற்றில் உட்கார வைப்பது இதற்கு மாற்று ஆகாது. அதில் குழந்தை மடங்கி உட்காருவதால் வயிறு அமுங்கி இன்னும் அதிகமாகக் கக்கும். தூளியிலும் அதே சங்கதிதான். பால் குடித்தவுடனே தூளியில் போட வேண்டாம். டயபர் மாற்றுவதைப் பாலுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். குடித்த உடனே இரண்டு காலையும் தூக்கினால் எல்லாம் வெளியே வரும். எண்ணெய் தேய்ப்பதும் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதும் அப்படித்தான், பாலுக்கு முன்னால்தான். குளிப்பாட்ட வரும் அம்மா தொண்டையில் விரலை விட்டுச் சளி எடுக்கிறேன் என்றால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

பவுடரை மாற்றுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எது நல்ல பவுடர் என்று கமெண்டில் எப்போதும் கேட்கிறார்கள். பால் பவுடரை விளம்பரம் செய்யக் கூடாது என்று நம் நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. நான் பெயர் சொல்ல மாட்டேன். சொல்வதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே வயதுக்கான சாதாரண டப்பாக்கள் எல்லாமே பசும்பாலில் இருந்து ஒரே மாதிரி செய்யப்பட்டவை. ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போவதால் கக்குவது நிற்காது. பசும்பால் ஒவ்வாமை என்று ஒன்று உண்டு. மலத்தில் ரத்தம், தோலில் விடாத கரப்பான், பால் குடிக்கவே அடம், எடை ஏறாமை, இவற்றோடு கக்கினால் அதைச் சந்தேகிப்போம். அதற்குப் புரதத்தை உடைத்துத் தயாரித்த தனிப் பவுடரை இரண்டு முதல் நான்கு வாரம் கொடுத்துப் பார்ப்போம். லாக்டோஸ் இல்லாத பவுடர் அதற்கு மருந்து இல்லை, ஆட்டுப்பாலும் இல்லை. உங்கள் மகனுக்கு இந்த அறிகுறிகள் எதையும் நீங்கள் எழுதவில்லை.

மாமியார் சொன்ன கெட்டிப் பால். அவர் அக்கறையில் சொல்கிறார், ஆனால் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பெரும்பாலான டப்பாவில் 30 மில்லி தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு ஸ்கூப் என்று இருக்கும். உங்கள் டப்பாவில் என்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, பிறகு பவுடர். ஒரு ஸ்கூப் கூட்டினால் உப்புச் சத்து ஏறும், தண்ணீர்ச் சத்து குறையும், மலம் கட்டும். குறைத்தால் குழந்தை இளைக்கும். பிஸ்கட், அரிசிக் கஞ்சி, கேழ்வரகுப் பால் எதையும் புட்டியில் கலக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு முன்னால் அதெல்லாம் கூடாது. தேன் ஒரு வயது வரைக்கும் கூடாது. கலக்கும்போது புட்டியை வேகமாகக் குலுக்காமல் சுழற்றிக் கரையுங்கள், நுரை அடங்கட்டும், பிறகு கொடுங்கள். நுரை என்பது காற்றுதான். கக்கும் குழந்தைகளுக்கென்றே வயிற்றில் போய்க் கெட்டியாகும் பவுடர் கடையில் இருக்கிறது. அளவைச் சரி செய்த பிறகும் நிற்கவில்லை என்றால் உங்கள் டாக்டரே அதை எழுதிக் கொடுப்பார்.

மருந்து வேண்டாமா என்றால், சிரித்துக்கொண்டே கக்கும் குழந்தைக்கு வேண்டாம். அமிலத்தைக் குறைக்கும் மருந்து கக்குவதை நிறுத்தாது. வரும் பாலில் புளிப்பு குறையும், அவ்வளவுதான். தேவையில்லாமல் கொடுத்தால் வயிற்றிலும் நெஞ்சிலும் கிருமித் தொற்று வர வாய்ப்பு கூடுகிறது. டோம்பெரிடோன் சொட்டு மருந்தை மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுக்கிறார்கள், அது இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது. கிரைப் வாட்டரால் இதற்கு ஒரு பயனும் இல்லை.

தூக்கம். இதுதான் உங்களை ரொம்ப வாட்டுகிறது என்று புரிகிறது. மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், சமமான, கெட்டியான படுக்கையில். ஒருக்களித்தும் வேண்டாம், குப்புறவும் வேண்டாம். மல்லாக்கப் படுத்தால் பால் மூச்சுக்குழாயில் போய்விடாதா என்று கேட்பீர்கள். அந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். மேலே வந்த பால் இன்னும் மேலேறித்தான் மூச்சுக்குழாய்க்குள் போக முடியும். பெரும்பாலும் குழந்தை விழுங்கிவிடும், இல்லையென்றால் வாயோரம் வழியும். குப்புறப் படுத்தால்தான் தூக்கத்தில் திடீரென்று இறந்துபோகும் ஆபத்து கூடுகிறது. தலைக்கு உயரமாகத் துணி மடித்து வைப்பது, கடுகுத் தலையணை, படுக்கையின் ஒரு பக்கத்தைத் தூக்கி வைப்பது, எதுவும் வேண்டாம். மூக்கு வழியாக வருவதும் ஆபத்தில்லை, மூக்கும் தொண்டையும் ஒரே வழி. துடைத்துவிட்டால் போதும், ஊத வேண்டாம். இரவில் நீங்களும் வீட்டுக்காரரும் முறை வைத்துத் தூங்குங்கள்.

எப்போது ஓட வேண்டும்? பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே மருத்துவமனை. குடல் அடைத்திருக்கலாம். தயிர் போலத் திரிந்து வருவது சாதாரணம், பச்சை சாதாரணம் இல்லை. வாந்தியில் ரத்தம், வயிறு உப்பிக் கல்லாக இருப்பது, காய்ச்சல், உச்சிக்குழி புடைத்திருப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது, நீலம் பாய்வது, இவையும் அப்படியே. நீலம் பாய்ந்தாலோ மூச்சு நின்றாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை, ஒவ்வொரு தடவையும் பீய்ச்சி அடிப்பது போல வாந்தி எடுத்து, உடனே பசிக்கு அழுதால், இரைப்பையின் கீழ்வாய் தடித்து அடைத்திருக்கலாம். சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகும், ஆனால் தள்ளிப்போடக் கூடாது. ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாகக் கக்க ஆரம்பித்தாலும், பாலைக் கண்டாலே முதுகை வில்லாக வளைத்து அழுதாலும், எடை நின்றுவிட்டாலும் காட்டிவிடுங்கள்.

பஸ் பயணம் தாராளமாகப் போகலாம். கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்னாலேயே பால் கொடுத்து முடித்துவிடுங்கள். பாலைக் கரைத்து எடுத்துக்கொண்டு போக வேண்டாம், கரைத்த பால் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் கொட்ட வேண்டியதுதான். கொதித்த தண்ணீரை நல்ல பிளாஸ்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேளைக்குமான பவுடரை அளந்து தனித்தனிச் சின்ன டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். 90 மில்லி என்றால் டப்பாவுக்கு மூன்று ஸ்கூப். சூடான தண்ணீரிலேயே கரைத்து, ஆற வைத்து, கை மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பின் சீட்டில் தூக்கிப் போடும், முன்பக்கமாக இடம் பிடியுங்கள். தோளுக்கு நாலைந்து பழைய துணி, உங்களுக்கு ஒரு மாற்று உடை. ஊருக்குப் போய் வந்ததும் எடை போட்டு, அந்த எண்ணையும் ஒரு நாளில் எத்தனை தடவை கக்குகிறான் என்பதையும் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.